ரேங்க் கார்டில் கையெழுத்து இல்லை: மாணவர் வேடம் போடுகிறவர்களுக்கு

முதன்முதலில் பள்ளி மாணவியாக நடித்தபோது எனக்கு வயது 27. ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு, மீன்பிடித் தடைக்காலம், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வீதி நாடகம். எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் வேடம். இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினேன், குரலை மேலே ஏற்றினேன், பையின் இரண்டு வாரையும் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி நடந்தேன். கூட்டம் கைதட்டியது. நன்றாகச் செய்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நிஜமாகவே ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் வந்து, "அக்கா, பையை யாரும் அப்படிப் பிடிக்கமாட்டாங்கக்கா" என்றாள். அப்புறம் எப்படிப் பிடிப்பீங்க என்று கேட்டதும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் பையை எடுத்து வந்துவிட்டாள். ஒரு பக்க வார் அறுந்து, அதைத் தங்கூசி என்கிற நைலான் நரம்பால் தைத்திருந்தது. அவள் அப்பா வலை தைக்கிற அதே தையல். அந்தத் தையலில் பாரம் ஏறக்கூடாது என்று பையை மற்றத் தோளில் மட்டும் மாட்டி, அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் ஏறினால் முன்பக்கம் மாற்றி வயிற்றோடு அணைத்துக்கொள்வாளாம், இல்லாவிட்டால் கூட்டத்தில் யாராவது இழுத்து நரம்பு தோளில் அறுக்கும். அதை அவள் எந்த வருத்தமும் இல்லாமல்தான் சொன்னாள். அந்த ஒரு கைத் தாங்கலில் இருந்த பிள்ளை என் நடிப்பில் எந்த இடத்திலும் இல்லை.

அதற்குப் பிறகு இத்தனை வருடமாக இந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் நடிப்புச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் மாணவர் வேடங்கள்தான் வருகின்றன. பள்ளிக் கலைத் திருவிழாவில் தனிநடிப்பு, கல்லூரி நாடகம், குறும்பட வாய்ப்புக்கு ஒரு நிமிட வீடியோ, எதை எடுத்தாலும் பாத்திரம் ஒரு மாணவனோ மாணவியோதான். அதில் நான் கற்றதை, குறிப்பாகத் தப்பாகச் செய்து கற்றதை, இங்கே எழுதி வைக்கிறேன். பள்ளியை விட்டு வந்து சில வருடம் ஆனவர்கள் மறுபடி பள்ளிக்கூடப் பிள்ளையாக நிற்க வேண்டியிருக்கும்போது இது அதிகம் உதவும்.

வயதைக் குறைத்துக் காட்டுவதில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள். மழலை, துள்ளல், தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, உதட்டைப் பிதுக்குவது. ஐந்து வயதுப் பிள்ளைகூட நாள் முழுக்க அப்படி இருக்காது. மாணவராக இருப்பது என்றால் என்ன என்று நான் பல வருடம் யோசித்து வந்து சேர்ந்த இடம் இதுதான்: மாணவர் என்பவர் ஒரு நாளில் பாதி நேரம் யாரிடமோ அனுமதிக்காகக் காத்திருப்பவர். உள்ளே வரலாமா, உட்காரலாமா, தண்ணீர் குடிக்கப் போகலாமா, டூருக்கு வரட்டுமா, வீட்டில் சொல்லட்டுமா, வேண்டாமா. அந்தக் காத்திருப்பு உடம்பில் வந்துவிட்டால் 30 வயதுக்காரர்கூட பிளஸ் டூ பையனாக நிற்கலாம், மீசையைக்கூட எடுக்கத் தேவையில்லை. அது வராவிட்டால் சீருடை வெறும் துணிதான்.

அந்தக் காத்திருப்பும் வகுப்புக்கு வகுப்பு வேறுபடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் காலையில் ஒரு வாரம் போய்ப் பாருங்கள், இலவசமாகப் பாடம் கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை பேசினால் உடம்பு மொத்தமும் பேசுகிற ஆள் பக்கம் திரும்பும், கால் விரல்கூட. ஒன்பதாம் வகுப்பில் உடம்பு பாதிதான் திரும்பும், மீதிப் பாதி நண்பர்கள் பக்கமே இருக்கும், தான் சொல்வதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது முக்கியம். பிளஸ் டூவில் பதில் குட்டையாகிவிடும், கண்ணைக் கொடுக்கமாட்டார்கள், குரல் தாழ்ந்துவிடும். கல்லூரி முதலாண்டில் நண்பர்களிடம் சத்தமாகவும் துறைத் தலைவரிடம் போனால் பழைய ஆறாம் வகுப்பாகவும் இருப்பார்கள். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊர்ப் பஸ்ஸில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். அடையாள அட்டையின் கயிற்றைக் கடிப்பது, உள்ளங்கையில் பேனாவால் எழுதியதை எச்சில் தொட்டு அழிப்பது, துப்பட்டாவின் ஊசி சரியாக இருக்கிறதா என்று பேசும்போதே தொட்டுப் பார்த்துக்கொள்வது. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று எடுத்தால் வித்தை காட்டுவதுபோல ஆகிவிடும்.

தனிநடிப்புக்கு நாங்கள் குழுவில் சேர்ந்து எழுதிய ஒரு பகுதியைக் கீழே தருகிறேன். இந்தக் கரையில் இது யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத விஷயம். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள்தான் கடலுக்குப் போகும், காலையில் போனால் மறுநாள் காலை கரை திரும்ப வேண்டும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வர எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேசுவது எட்டாம் வகுப்பு மாணவி, கையில் ரேங்க் கார்டு, எதிரே வகுப்பாசிரியை உட்கார்ந்திருக்கிறார்.

"உள்ள வரலாமா டீச்சர்? கொண்டு வந்திருக்கேன் டீச்சர், மறக்கலை. கையெழுத்துதான்... இன்னும் வாங்கலை. வீட்டுல காட்டிட்டேன் டீச்சர். அம்மா பார்த்தாங்க, கணக்குல 41 எடுத்ததுக்குக்கூட ஒண்ணும் சொல்லலை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் டீச்சர். ஆனா அப்பா வந்து போடட்டும்னு சொல்லிட்டாங்க. போன தடவையும் அப்பாதான் போட்டாங்க, இந்தா இந்தக் கட்டத்துல இருக்குல்ல டீச்சர், இதுக்குப் பக்கத்துக் கட்டம்தான். அப்பா புதன்கிழமை போனாங்க. வியாழக்கிழமை காலையில வந்திருக்கணும். இல்லை டீச்சர், இந்தப் புதன் இல்லை... போன மாசம். வேற யாரும் அந்தக் கட்டத்துல போட்டா அப்பா இனி வரமாட்டாகன்னு ஆயிரும்னு அம்மா சொல்றாக. அதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும் டீச்சர். எனக்கே அப்பா கையெழுத்து போடத் தெரியும். அப்படியே போடுவேன். ரஃப் நோட்டுல கடைசிப் பக்கத்துல போட்டுப் பார்த்தேன். இதுல போடலை டீச்சர். அடுத்த வாரம் வாங்கிட்டு வாரேன். போகட்டுமா டீச்சர்?"

மெதுவாகப் பேசினால் ஒன்றரை நிமிடம் வரும். இதில் கைது, சிறை, இலங்கை என்ற சொல் ஒன்றுகூட இல்லை. எந்தத் தனிமொழியை எடுத்தாலும் நான் முதலில் தேடச் சொல்வது, அந்தப் பிள்ளை சொல்ல விரும்பாத வாக்கியம் எது என்பதைத்தான். அதைத் தனியாக ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் சொல்லாதீர்கள். இந்தப் பெண்ணுக்கு அது "அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்பது. அந்த மூன்று சொல்லைச் சுற்றிச் சுற்றி வருவதற்குத்தான் அவ்வளவு பேசுகிறாள். அதைத் தெரிந்துகொண்டு பேசினால் கணக்கு மதிப்பெண்ணைப் பற்றி அவள் ஏன் இழுக்கிறாள் என்பது நடிப்பவருக்குத் தானே புரிந்துவிடும்.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். ஆரம்பத்தில் 'பார்த்தாங்க', 'போனாங்க' என்று பேசுகிறவள் பாதியில் 'வரமாட்டாக', 'சொல்றாக' என்று வீட்டுப் பேச்சுக்கு வந்துவிடுகிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு பேசுகிறவர்கள். கலக்கம் வந்தால் வீட்டுப் பேச்சு தானாக வெளியே வரும். நடிக்கும்போது அந்த இடத்தை அழுத்திக் காட்டக்கூடாது, பேச்சு தன்னால் வழுக்கியதுபோல இருக்க வேண்டும். வேறு வட்டாரத்துக்காரர்கள் நடித்தால் அவரவர் வீட்டுப் பேச்சை அந்த இரண்டு இடத்தில் வையுங்கள். ராமநாதபுரத்துப் பேச்சைக் கேட்டுப் பழகி முழுவதும் அதிலேயே பேச முயன்றால் கவனமெல்லாம் உச்சரிப்பில் போய்விடும், பிள்ளை போய்விடுவாள்.

ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று தீர்மானிக்காமல் பேச ஆரம்பிக்காதீர்கள். இதில் பெரும்பாலோர் செய்வது, கடைசி வரிசைத் தலைகளுக்கு மேலே எங்கோ ஒரு புள்ளியைப் பார்த்துப் பேசுவது. ஆனால் ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார், மாணவி நிற்கிறாள், கண் கீழேதான் போக வேண்டும். கீழே பார்த்தும் தான் சின்னவளாக இருக்கிற அந்த வினோதமான நிலைதான் பள்ளிக்கூடம். ஒத்திகையில் நிஜமாகவே ஒரு நாற்காலியைப் போட்டு ஓர் ஆளை உட்காரவைத்துப் பழகுங்கள். பிறகு ஆளை எடுத்துவிடுங்கள், பிறகு நாற்காலியை. கண் அந்த உயரத்தை மறக்காது. மேஜையில் டீச்சர் கை எங்கே இருக்கிறது, சிவப்புப் பேனா மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதுவரை முடிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது, பிள்ளைகள் முகத்தைவிடப் பேனாவைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

உள்ளே வருவதற்கு முந்தைய நிமிடத்தையும் தயார் செய்யுங்கள். வராந்தாவில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், முன்னால் போனவளுக்குத் திட்டு விழுந்ததா, கார்டு கையில் வியர்வையில் நனைந்ததா. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 'நான் இந்த இடத்தில் இருந்தால்' என்று கேட்டுக்கொள்ளச் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் கேள்விக்கு வராந்தாவில் பதில் தேடினால் பதில் சீக்கிரம் கிடைக்கும், ஆசிரியர் அறைக்குள் வந்த பிறகு தேடினால் நேரமாகிவிடும்.

இப்போது குரல். இதைப் பற்றி நான் கொஞ்சம் நிறையவே பேசுவேன், ஏனென்றால் கடற்கரையில் நாடகம் போடுகிறவர்களுக்கு இது உயிர். நம் மாவட்டத்தில் கோவில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போட்டால் விடிய விடிய நடக்கும். அந்த நாடகத்தில் நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட்டுகளும் கோமாளி வேடம் கட்டும் பபூன்களும் திறந்தவெளியில் பேசிப் பழகியவர்கள். அவர்களில் ஒரு பெரியவர் என் ஒத்திகையை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக வாக்கியத்தோட வாலை விட்டுர்றாகம்மா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. தமிழில் வினை கடைசியில் வருகிறது, இல்லை என்பதும் மாட்டேன் என்பதும் அந்த வாலில்தான் இருக்கின்றன. மூச்சு தீர்கிற இடமும் அதுதான், சோகத்தைக் காட்டுகிறேன் என்று குரலைத் தேய்க்கிற இடமும் அதுதான். 'அப்பா இனி வரமாட்டாக' என்பதில் 'மாட்டாக' காற்றோடு போய்விட்டால் 'அப்பா இனி வர' என்பதுதான் பின்வரிசைக்குக் கேட்கும், அர்த்தமே தலைகீழ். அதனால் எங்கள் குழுவில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். பகுதி முழுவதையும் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லி ஓட்டுவது: 'வரலாமா', 'மறக்கலை', 'வாங்கலை', 'காட்டிட்டேன்', 'சொல்லலை', 'போடலை'. அதை மட்டும் கேட்டாலே கதை பாதி புரிய வேண்டும். பிறகு முழு வாக்கியத்தைச் சொல்லும்போது மூச்சை அந்த வாலுக்கு மிச்சம் வைக்கப் பழகிவிடும்.

மேடை போடும்போது காற்றையும் பாருங்கள். மே, ஜூனில் தென்கடல் பக்கம் போட்டால் காற்று கடலிலிருந்து வரும். நடிகர்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் குரலைக் காற்றே ஜனங்களிடம் கொண்டுபோகும், எதிர்த்து நின்றால் கத்தினாலும் பயனில்லை. வாடைக்காற்று காலத்தில் வடகடல் பக்கத்துக்கும் இதே கணக்குதான். விழாக்காரர்கள் பந்தலை அவர்கள் வசதிக்குப் போட்டிருப்பார்கள், அன்று காலையிலேயே போய்ச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், மாலையில் போனால் நடக்காது.

இருவர் நடிக்கும் காட்சிக்கு வருகிறேன். இரண்டு மாணவர்கள் பேசிக்கொள்ளும் காட்சியில் நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நிஜத்தில் பிள்ளைகள் அப்படிப் பேசுவது அபூர்வம், இருவரும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள், போனையோ, மைதானத்தையோ, போகிற ரயிலையோ. அதனால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். படிப்பை விட்டுக் கடலுக்குப் போக முடிவு செய்த பையனும் அவனைத் திரும்பக் கூப்பிட வந்த நண்பனும் பேசும் காட்சி ஒன்று எங்களுக்கு வரவே இல்லை, பிரசங்கம் மாதிரி இருந்தது. ஒருநாள் ஒத்திகையை அப்படியே கரைக்கு மாற்றி, நண்டு வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுக்கும் இடத்தில் இருவரையும் உட்காரவைத்தேன். நண்டைக் கால் ஒடியாமல் எடுக்க வேண்டும், ஒடிந்தால் விலை குறையும், கவனம் தப்பினால் கொடுக்கு கையைப் பிடிக்கும். 'நீ வந்தா நானும் வர்றேன்டா' என்ற வரியை, அதுவரை நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு சிக்கலை அவிழ்த்துக்கொண்டே நண்டைப் பார்த்துச் சொன்னான். மற்றவன் பதில் சொல்லாமல் அந்தச் சிக்கலின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தான். அதைத்தான் மேடைக்குக் கொண்டுபோனோம், நண்டு மட்டும் இல்லாமல்.

வீடியோ எடுத்து அனுப்புகிறவர்களுக்குச் சின்னதாக. பிரபலமான சினிமா வசனத்தை எடுக்காதீர்கள், பார்க்கிறவர் மனதில் அந்த நடிகர்தான் ஓடுவார். ஒரு நிமிடம் கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். போனை யாராவது பிடிப்பதைவிட எதன்மீதாவது சாய்த்து வையுங்கள், ஆசிரியரை லென்ஸுக்கு ஓரத்தில் கொஞ்சம் கீழே உட்காரவையுங்கள். வெளியில் எடுத்தால் காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும், கடல் பின்னணி அழகாக இருக்கும் என்று ஆசைப்படாமல் வீட்டுக்குள் எடுங்கள்.

கடைசியாக, எனக்கு இன்னும் வலிக்கிற ஒன்று. இந்த ரேங்க் கார்டு பகுதியை ஒரு விழாவுக்குக் கேட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண்ணின் அப்பா நிஜமாகவே அப்போது இலங்கைச் சிறையில் இருந்தார். விழா ஏற்பாடு செய்தவருக்கு அது தெரிந்துவிட்டது. "அந்தப் பிள்ளையையே செய்யச் சொல்லுங்க, சபையே அழுதுரும்" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். அவளுக்கும் இது நல்லதுதான், மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் ஒத்திகை. ஒரு சொல் தப்பாமல், கண் கலங்காமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். இரண்டாம் நாள் அந்த ஏற்பாட்டாளர் வந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் அழும்மா" என்றார். அவள் சரி சார் என்று தலையாட்டினாள். மூன்றாம் நாள் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் செய்தது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விழாவுக்கு வரமுடியாது என்று அன்றிரவே சொல்லிவிட்டேன்.

பிள்ளையின் சொந்தக் காயத்தைப் பிள்ளைக்கே வேடமாகக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் தாமாக விரும்பிச் செய்தால் அது வேறு. 13 வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்டால் அது சரி என்றுதான் சொல்லும், அனுமதி கேட்டே பழகிய வயதில் மறுக்கத் தெரியாது. அழச் சொல்லவும் சொல்லாதீர்கள், யாரையும். ஆசிரியர் முன்னால் அழுகையை அடக்குவதுதான் மாணவரின் வேலை, மூக்கை உறிஞ்சுவது, எச்சிலை விழுங்குவது, ஜன்னலைப் பார்ப்பது. அடக்குவதை நடியுங்கள், மீதியைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்று வாரம் கழித்து அவளாகவே வந்தாள். "நான் டீச்சரா உட்காரவாக்கா?" என்று கேட்டாள். அதுவரை அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வேறொரு பெண் மாணவியாக நின்று முழுவதும் பேசினாள். 'போகட்டுமா டீச்சர்' வந்ததும் இவள் உடனே பதில் சொல்லவில்லை. ரேங்க் கார்டை வாங்கி, அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, கார்டை வருகைப் பதிவேட்டுக்கு அடியில் சொருகி, "சாப்பிட்டியா?" என்றாள். நாங்கள் எழுதாத வரி அது. அன்றிலிருந்து அந்தப் பகுதியைத் தனிநடிப்பாகப் போடுவதை நிறுத்திவிட்டு இருவர் காட்சியாகத்தான் போடுகிறோம்.

மேலே உள்ளதை யார் வேண்டுமானாலும் எடுத்து நடிக்கலாம். கடல் இல்லாத ஊர் என்றால் அப்பாவைத் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள், கிழமையை மாற்றிக்கொள்ளுங்கள். காலிக் கட்டத்தை மட்டும் காலியாகவே விட்டுவிடுங்கள்.